பலாங்கிகா என்னும் சிற்றூர்: கேட்டவருக்கு ஒரு விரிவான விடை

பிலிப்பைன்ஸில் பலாங்கிகா என்றொரு சிற்றூர் இருப்பதாகவும், அங்கிருந்து அமெரிக்கர்கள் எடுத்துச் சென்ற தேவாலய மணிகள் 2018-இல் திரும்பி வந்ததாகவும் படித்ததைச் சொல்லி, அந்த ஊரின் வரலாறு என்ன, இன்று அது எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரிடத்தில் அமெரிக்க வீரர்கள் வஞ்சகமாகக் கொல்லப்பட்ட ஊர் என்றும், இன்னோரிடத்தில் அமெரிக்கர்கள் அழித்தொழித்த ஊர் என்றும் எழுதியிருப்பதாக உங்கள் கேள்வியின் இறுதியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உண்மையில் உங்களை உறுத்துவது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். இரண்டும் ஒரே ஊரைப் பற்றியவையா, இரண்டில் எதை நம்புவது என்பதே கேள்வி. இரண்டுமே நடந்தவை. ஆனால் எந்த வரிசையில், எந்தக் காரணத்தால், யார் கையால் நடந்தன என்பதைப் பிரித்துப் பார்க்காமல் அவற்றைப் புரிந்துகொள்ள முடியாது.

தென்கிழக்காசியாவின் குடியேற்றக்கால வரலாற்றைக் கல்லூரியில் நெடுங்காலம் கற்பித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பலாங்கிகா மக்கள் பேசும் வாராய் மொழி எனக்குத் தெரியாது. ஆகவே ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழி மரபை ஆங்கிலத்தில் பதிவான அளவுக்கே நான் அறிவேன். அமெரிக்கப் படையின் ஆவணங்கள் ஏராளமாகக் கிடைக்க, எதிர்த்தரப்பின் எழுத்துகள் மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன. இந்த ஏற்றத்தாழ்வை மனத்தில் வைத்துக்கொண்டே பின்வருவனவற்றைப் படிக்க வேண்டும்.

முதலில் ஊர். பிலிப்பைன்ஸின் பெரிய தீவுகளில் ஒன்றான சாமாரின் தென்கரையில், லெய்டே வளைகுடாவைப் பார்த்தபடி, ஒரு ஆற்றின் முகத்துவாரத்தில் பலாங்கிகா அமைந்திருக்கிறது. நிர்வாகத்தில் அது கிழக்குச் சாமார் மாகாணத்தைச் சேர்ந்த ஒரு முனிசிபாலிட்டி. அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் ஊர் நகராட்சியை நினைத்துக்கொள்ளக் கூடாது. பிலிப்பைன்ஸில் முனிசிபாலிட்டி என்பது ஒரு சிறு ஊர்மையத்தையும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் வயல்களையும் காட்டையும் சேர்த்த பரப்பு. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மேயரும் மன்றமும் அதை ஆளுகின்றனர், அதற்குக் கீழே பாரங்காய் எனப்படும் கிராம அலகுகள் உண்டு. பலாங்கிகாவில் 13 பாரங்காய்கள் இருக்கின்றன, அவற்றில் ஆறு ஊர்மையத்திலேயே அடங்கிவிடுகின்றன. பரப்பு ஏறத்தாழ 190 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகையோ 2020 கணக்கெடுப்பின்படி 14 ஆயிரத்தைச் சற்றே தாண்டியது. பரப்பின் பெரும்பகுதி குன்றும் காடும் என்பதால் மக்கள் கடலோரக் கீற்றிலும் ஆற்றோரத்திலும் நெருங்கி வாழ்கிறார்கள். மீன்பிடி, தென்னை, ஓரளவு நெல் ஆகியவையே பிழைப்பு. மேற்கே அடுத்துள்ள லவான் ஊர் முன்பு பலாங்கிகாவின் ஒரு கிராமமாக இருந்து பின்னர் தனி முனிசிபாலிட்டி ஆனது. கிழக்குச் சாமார் என்ற மாகாணமும் பழையதன்று. சாமார் தீவு முழுவதும் ஒரே மாகாணமாக இருந்ததை 1965-இல் மூன்றாகப் பிரித்தபோது உருவானது அது.

ஸ்பானியர் காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1521-இல் மெகல்லன் முதலில் கரையிறங்கிய ஹோமோன்ஹோன் தீவு இதே வளைகுடாவின் வாயிலில்தான் இருக்கிறது. ஆயினும் சாமாரில் கிறித்தவம் நிலையாக வேரூன்றியது அந்த நூற்றாண்டின் இறுதியில் வந்த யேசு சபையினரால். 1768-இல் ஸ்பானிய மன்னர் அச்சபையினரை வெளியேற்றிய பிறகு தீவின் பங்குகள் பிற துறவு சபைகளின் கைக்கு மாறின. பலாங்கிகா பின்னர் பிரான்சிஸ்கன் துறவிகளின் பொறுப்பில் இருந்தது. உலகெங்கும் பேசப்பட்ட அந்த மணிகளில் அந்தச் சபையின் சின்னம் பொறிக்கப்பட்டிருப்பது இதனால்தான். ஊர்த் தேவாலயம் புனித லாரன்ஸின் பெயரில் அமைந்தது, திருவிழா ஆகஸ்டு 10. தெற்கிலிருந்து அடிமை பிடிக்க வரும் படகுக் கூட்டங்களுக்கு அஞ்சி வாழ்ந்த சாமார்க் கடலோர ஊர்களில், தேவாலய மணி வழிபாட்டுக்கு மட்டும் ஒலிக்கவில்லை, ஆபத்து வரும்போது ஊரைத் திரட்டவும் அதுவே பயன்பட்டது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

1898-இல் ஸ்பெயின் அமெரிக்காவிடம் தோற்று, பாரிஸ் உடன்படிக்கையில் 2 கோடி டாலருக்குப் பிலிப்பைன்ஸை விட்டுக்கொடுத்தது. ஏற்கெனவே விடுதலையை அறிவித்திருந்த பிலிப்பினியர்கள் இதை ஏற்கவில்லை, 1899 பிப்ரவரியில் போர் மூண்டது. பிலிப்பினியப் புரட்சித் தலைவர் அகினால்டோ சாமாருக்கு அனுப்பிய தளபதி விசென்டே லுக்பான், தீவின் உட்பகுதிக் காடுகளை அரணாகக் கொண்டு கெரில்லாப் போர் நடத்தினார். சாமாரின் செல்வம் அபக்கா நார். கப்பல் கயிறு திரிக்க உலகமே அதை வாங்கியது. அந்த வணிகத்தில் கிடைத்த பணமும், கரையோர ஊர்களிலிருந்து சென்ற அரிசியும் லுக்பானின் படையைத் தாங்கின. 1901 மார்ச்சில் அகினால்டோ பிடிபட்டதும் போர் முடியும் நிலைக்கு வந்துவிட்டதாக அமெரிக்கர்கள் எண்ணினார்கள், சாமார் மட்டும் அடங்கவில்லை. எனவே துறைகளை அடைத்து உணவையும் பணத்தையும் மறிக்கும் திட்டத்தின் பகுதியாக, 9-ஆவது காலாட்படையின் ‘சி’ கம்பெனி 1901 ஆகஸ்டு 11 அன்று பலாங்கிகாவுக்கு வந்திறங்கியது. ஊர்த் திருவிழாவுக்கு மறுநாள் அது. அந்தப் படைப்பிரிவு அதற்கு முந்தைய ஆண்டில்தான் சீனாவில் பாக்சர் கிளர்ச்சியை ஒடுக்கும் போரில் ஈடுபட்டிருந்தது.

ஆகஸ்டு 11-க்கும் செப்டம்பர் 28-க்கும் இடைப்பட்ட ஏழு வாரங்களே இந்த வரலாற்றின் நெஞ்சுப் பகுதி. பெரும்பாலான சுருக்கக் கட்டுரைகள் தாவிச் செல்வதும் இதைத்தான். தொடக்கத்தில் உறவு சுமுகமாகவே இருந்தது. கம்பெனித் தலைவர் கேப்டன் தாமஸ் கானெல் கத்தோலிக்கர். வீரர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து கள் அருந்தினார்கள், காவல் தலைவர் வலேரியானோ அபனடோர் சில வீரர்களுக்கு உள்ளூர்ச் சிலம்ப வித்தையான ஆர்னிஸ் கற்றுக்கொடுத்ததாகக்கூடக் குறிப்பு உண்டு. இந்நிலையில் மேலதிகாரி ஒருவர் பார்வையிட வரப்போகிறார் என்று ஊரைத் துப்புரவாக்க கானெல் ஆணையிட்டார். வீடுகளைச் சுற்றி வளர்ந்திருந்த செடிகொடிகளை வெட்டச் சொன்னார். அமெரிக்கர் கண்ணுக்குப் புதராகத் தெரிந்தவற்றில் வாழையும் கிழங்கும் போன்ற உணவுப் பயிர்கள் இருந்தன. மழைக்காலத்தில் குடும்பங்களைக் காப்பாற்றுபவை அவை. மேலும், மக்கள் உணவுப் பயிர்களைப் பேண வேண்டும் என்பது லுக்பானின் கட்டளை. அதை மீறும் ஊர் கெரில்லாக்களிடமும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இப்படி ஊர் இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவில் நின்றது.

செப்டம்பர் 22 அன்று, கள் விற்கும் கடையொன்றில் இருந்த இளம்பெண்ணிடம் குடிபோதையில் இருந்த வீரர்கள் தகாத முறையில் நடந்துகொள்ள, அவளுடைய சகோதரர்கள் அவர்களை அடித்தார்கள். பதிலுக்குக் கானெல் ஊர் ஆண்களைத் திரட்டிச் சிறைப்படுத்தினார். தலா 16 பேர் படுக்கக்கூடிய இரண்டு கூடாரங்களில் பல மடங்கு ஆட்களை இரவு முழுவதும் அடைத்துவைத்து, பகலில் கட்டாய வேலை வாங்கினார். வீடுகளிலிருந்த வெட்டுக்கத்திகள் பறிக்கப்பட்டன, மழைக்காலத்துக்குச் சேமித்த அரிசியும் பறிமுதலானது. இந்தக் கடைசிச் செயலே முடிவைத் தீர்மானித்தது என்பது என் கணிப்பு. அவமானத்தை ஒரு ஊர் சில காலம் பொறுத்துக்கொள்ளக்கூடும். மழைக்காலத்துக்கு முன்னால் அரிசி பறிபோன ஊருக்குப் பொறுத்திருக்க நாட்களே இல்லை.

செப்டம்பர் 28, சனிக்கிழமை. அதற்குச் சற்று முன்பு வந்த தபாலில்தான் அதிபர் மெக்கின்லி சுடப்பட்டு இறந்த செய்தி வீரர்களுக்குத் தெரிந்திருந்தது. காலை ஏழு மணிக்கு முன், பெரும்பாலானோர் துப்பாக்கியைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டுச் சிற்றுண்டிக்கு அமர்ந்திருக்க, காவல் நின்றவர்களிடம் மட்டுமே ஆயுதம் இருந்தது. வேலையாட்களை மேற்பார்ப்பவராக நடந்துவந்த அபனடோர், காவலர் ஒருவரின் துப்பாக்கியைப் பிடுங்கி அவரை அடித்து வீழ்த்தி, குரல் கொடுத்தார். மணி ஒலித்தது. போலோ எனப்படும் வெட்டுக்கத்திகளுடன் சுமார் 500 பேர் பல முனைகளிலிருந்து பாய்ந்தார்கள். கட்டாய வேலைக்கு வெளியூரிலிருந்து சேர்த்த ஆட்கள் என்ற போர்வையில் கெரில்லாக்கள் முன்னரே ஊருக்குள் புகுத்தப்பட்டிருந்தனர். 74 பேர் கொண்ட கம்பெனியில், பின்னர் காயத்தால் இறந்தவர்களையும் சேர்த்து 48 பேர் மாண்டனர். கேப்டன் கானெல், லெப்டினன்ட் எட்வர்ட் பம்பஸ், மருத்துவர் மேஜர் ரிச்சர்ட் கிரிஸ்வோல்ட் ஆகிய மூன்று அதிகாரிகளும் அதில் அடக்கம். எஞ்சியோரில் காயமில்லாமல் தப்பியவர்கள் நால்வர் மட்டுமே. சார்ஜன்ட் பிராங்க் பெட்ரன் உயிர் தப்பிய அனைவரையும் படகுகளில் ஏற்றிக் கடல்வழியே பாசே என்ற ஊரிலிருந்த முகாமுக்குக் கொண்டு சேர்த்தார். அவ்வளவு பேர் இருந்த ஊரில் எவரும் முன்கூட்டிக் காட்டிக்கொடுக்கவில்லை என்பதை நான் ஒவ்வொரு முறையும் வியப்போடுதான் படிக்கிறேன்.

இதுவரை சொன்னவற்றின் சாரம் இருதரப்பு ஆவணங்களாலும் உறுதிப்பட்டது. உறுதிப்படாதவை வேறு. தாக்கியவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் ஊர்த் தரப்பின் கணக்கு 28. அமெரிக்க அறிக்கைகளில் அது பல மடங்காகச் சில நூறுவரை பெருகுகிறது. துப்பாக்கியை மீட்ட சிலரே சுட்டுக்கொண்டு பின்வாங்கியதை நினைத்தால், சிறிய எண்ணே நம்பத்தக்கது என்பேன். பெண் வேடமிட்ட ஆண்கள் முந்தைய இரவில் தேவாலயத்துக்குள் நுழைந்தது இருதரப்பிலும் சொல்லப்படுகிறது, அதை ஏற்கலாம். அவர்கள் குழந்தைகளின் சவப்பெட்டிகளில் கத்திகளை மறைத்துக் கொண்டுவந்தார்கள் என்றும், சோதித்த காவலரிடம் காலராவில் இறந்த குழந்தை என்று சொன்னார்கள் என்றும் வரும் பகுதியில் எனக்குத் தயக்கம் உண்டு. அக்காலத்துப் பெரிய காலராக் கொள்ளைநோய் 1902 மார்ச்சில்தான் மணிலாவில் தலைகாட்டியது. ஆறு மாதம் முன்னதாக நடந்த நிகழ்வுக்குள் பிற்கால நினைவு கலந்துவிட்டிருக்கலாம். அன்று ஒலித்தது எந்த மணி என்பதும் முழுமையாகத் தீராத வினா. 9-ஆவது காலாட்படை தன்னிடமிருந்த சிறிய மணிதான் அது என்று வழிவழியாகச் சொல்லிவந்தது.

திட்டத்தை வகுத்தவர் யார் என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. ஊர்த் தலைவர் பெட்ரோ அபயான் லுக்பானுக்கு எழுதிய ஒரு கடிதம் அமெரிக்கர் கையில் சிக்கியது. வெளியே நட்பாக நடந்துகொண்டு வாய்ப்பு வரும்போது எழுவோம் என்னும் பொருளில் அமைந்த அக்கடிதத்தை வைத்து, எல்லாம் லுக்பானின் ஏவல் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். ஆனால் அக்கடிதம் 1901 மே மாத இறுதியில், அமெரிக்கக் கம்பெனி ஊருக்கு வருவதற்கு இரண்டு மாதங்களுக்கு மேல் முன்னரே எழுதப்பட்டது. பொதுவான நிலைப்பாட்டை அது காட்டலாம், செப்டம்பர் மாதத் திட்டத்துக்கு அது சான்றாகாது. லுக்பானின் அதிகாரிகளில் ஒருவரான கேப்டன் யுஜீனியோ டாசா பின்னாளில் அளித்த வாக்குமூலமும், கடந்த சில பத்தாண்டுகளில் பிலிப்பினிய ஆய்வாளர்கள் ஊரில் சேகரித்த தகவல்களும், அந்த ஏழு வாரங்களின் கொடுமைக்கு ஊரே எழுந்தது என்ற பக்கமே சாய்கின்றன. கெரில்லாக்கள் உதவினார்கள், சினமும் திட்டமும் ஊருடையவை என்பது நான் வந்தடைந்த முடிவு. சான்றுகள் அதற்கு மேல் திட்டவட்டமாகப் பேச இடம் தரவில்லை.

உங்கள் கேள்வியின் மறுபாதி இனிமேல்தான் வருகிறது. மறுநாளே பாசேயிலிருந்து வந்த படை ஊரை எரித்தது. அதோடு நிற்கவில்லை. சாமாரின் பொறுப்பை ஏற்ற பிரிகேடியர் ஜெனரல் ஜேக்கப் ஸ்மித், கடற்படை வீரர்களின் தலைவர் மேஜர் லிட்டில்டன் வாலரிடம், கைதிகள் வேண்டாம், கொல்லுங்கள், எரியுங்கள், தீவின் உட்பகுதி ஊளையிடும் வனாந்தரமாக வேண்டும் என்று ஆணையிட்டார். எந்த வயதுக்கு மேற்பட்டோரை என்று வாலர் கேட்டதற்கு, பத்து என்று விடை வந்தது. இது வதந்தியன்று, இராணுவ நீதிமன்ற விசாரணையில் பதிவான சாட்சியம். 1902 மே 5 அன்று நியூயார்க் ஜர்னல் நாளிதழ் இதையே கேலிச்சித்திரமாக வெளியிட்டபோது அமெரிக்கப் பொதுமக்களே அதிர்ந்தார்கள். பெண்களோடும் குழந்தைகளோடும் போரிட நாம் வரவில்லை என்று தம் கீழுள்ளவரிடம் வாலர் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. அதே வாலரின் அறிக்கை, பதினொரு நாளில் 255 வீடுகள் எரிக்கப்பட்டு 39 பேர் கொல்லப்பட்டதாகக் கணக்குக் காட்டுகிறது. பின்னர் சாமாரின் காடுகளைக் கடந்த பேரழிவுப் பயணத்தின் முடிவில், பதினொரு பிலிப்பினியச் சுமைதூக்கிகளை விசாரணையின்றிச் சுட்டுக்கொல்லச் செய்தவரும் அவரே. அந்த வழக்கில் அவர் விடுதலையானார். ஸ்மித் கொலைக்காக விசாரிக்கப்படவே இல்லை. ஒழுங்குக்குக் குந்தகம் என்ற குற்றச்சாட்டில் கண்டிக்கப்பட்டு, அதிபர் ரூஸ்வெல்ட்டால் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்டார். லுக்பான் 1902 பிப்ரவரியில் பிடிபட, அவருக்குப் பின் போரை நடத்திய கிளாரோ கெவாரா ஏப்ரல் இறுதியில் சரணடைந்ததும் எதிர்ப்பு ஓய்ந்தது.

இந்தப் பழிவாங்கலில் இறந்தோர் எத்தனை பேர்? நீங்கள் 50,000 என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். 2,000 முதல் 2,500 வரை என்ற மதிப்பீடும் உண்டு. பெரிய எண்ணுக்கு நேரடி ஆவணம் இல்லை. பசியாலும் இடப்பெயர்வாலும் 1902-க்குப் பிந்தைய காலராவாலும் குறைந்த மக்கள்தொகையைக் குண்டுக்குப் பலியானோரோடு சேர்த்துவிட்டால்தான் அப்படிப்பட்ட எண்கள் வருகின்றன. சிறிய எண்ணுக்கும் ஒரு குறை உண்டு. எரிந்த நெல்லாலும் கொன்ற எருமைகளாலும் அடுத்த ஆண்டு பட்டினியில் இறந்தவர்களை அது கணக்கில் கொள்வதில்லை. எனவே எழுதும்போது ஒரே எண்ணைப் போடாமல், பல ஆயிரம் பேர் என்றும் கணக்கு தீரவில்லை என்றும் எழுதுவதே நேர்மை. வஞ்சகத் தாக்குதல், பழிவாங்கும் அழிப்பு என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. முதலாவதில் இறந்தவர்கள் ஆயுதம் தாங்கிய ஆக்கிரமிப்புப் படையினர், இரண்டாவதில் இறந்தவர்களுள் பலர் பலாங்கிகாவையே பார்த்திராத குடியானவர்கள். அளவிலும் தன்மையிலும் இரண்டும் சமமல்ல.

மணிகளின் கதை இதன் வால். மொத்தம் மூன்று. இரண்டை 11-ஆவது காலாட்படை வயோமிங் மாநிலத்தின் செயென் நகரிலிருந்த தன் கோட்டைக்குக் கொண்டுசென்றது, அந்த இடம் இன்று எப்.இ. வாரன் விமானப்படைத் தளம். மூன்றாவது 9-ஆவது காலாட்படையோடு சுற்றி, கடைசியில் தென்கொரியாவின் கேம்ப் ரெட் கிளவுட் முகாமில் இருந்தது. 1990-களில் பிலிப்பைன்ஸ் அதிபர் ராமோஸ் முயன்றும் அவை திரும்பவில்லை. போர்வீரர் நினைவுச்சின்னங்களை வெளிநாட்டுக்குத் தர அமெரிக்கச் சட்டம் தடையாக நின்றது, வயோமிங் பிரதிநிதிகளும் எதிர்த்தார்கள். 2017 ஜூலையில் பிலிப்பைன்ஸ் அதிபர் துதெர்தே தம் ஆண்டு உரையில் வெளிப்படையாகக் கேட்டார். அதே ஆண்டு இறுதியில் நிறைவேறிய அமெரிக்கப் பாதுகாப்புச் செலவினச் சட்டத்தில் விலக்கு அளிக்கப்பட்டது. 2018 டிசம்பர் 11 அன்று மூன்றும் மணிலாவில் இறங்கி, 15 அன்று ஊர்த் தேவாலயத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அமெரிக்க வீரர் அமைப்புகளுக்குள்ளேயே திருப்பித் தர வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடியவர்கள் இருந்தார்கள், அவர்களை மறந்துவிடக் கூடாது.

ஆனால் இன்றைய பலாங்கிகாவை மணிகளாலும் அந்த ஒரு காலையாலும் மட்டும் அளப்பது அம்மக்களுக்கு நியாயம் செய்வதாகாது. ஆண்டுதோறும் செப்டம்பர் 28 கிழக்குச் சாமாரில் சட்டப்படி சிறப்பு விடுமுறை, ஊர்த் திடலில் நினைவுச் சிலைகள் நிற்கின்றன, தாக்குதலை நடித்துக் காட்டுகிறார்கள். மற்ற நாட்களில் அது ஒரு ஏழை மாகாணத்தின் கடற்கரை ஊர். பெரிய மருத்துவமனைக்கும் மொத்தக் கொள்முதலுக்கும் லெய்டே தீவிலுள்ள டக்ளோபன் நகருக்கே போகிறார்கள். இரு தீவுகளையும் இணைக்கும் சான் ஜுவானிகோ பாலம் 1973-இல் திறக்கப்பட்டபின் லவான், மராபுட், பாசே வழியாகச் சாலையிலேயே போய்விட முடிகிறது. 2013 நவம்பர் 8 அதிகாலை, அங்கே யோலாண்டா என்று அழைக்கப்படும் ஹையான் சூறாவளி கிழக்கேயுள்ள கீவான் ஊரில் முதலில் கரையைத் தொட்டு, இந்த வளைகுடா வழியாகவே மேற்கே சென்றது. பலாங்கிகாவில் வீடுகளும் தேவாலயக் கூரையும் சிதைந்தன, தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. வீட்டைச் சில மாதங்களில் ஒருவாறு எழுப்பிவிடலாம். புதிதாக நட்ட தென்னை காய்க்க ஆறு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும், அதுவரை கொப்பரை வருமானம் கிடையாது. மணிகள் வந்திறங்கியபோது சூறாவளி கடந்து ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. புதிதாக நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை அப்போது காய்ப்புக்கே வந்திருக்கவில்லை.